ஒரே கொட்டையில் வந்த இரண்டு நாவல்

நாற்று விற்கிறவனிடம் ஜனங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "இது புடிக்குமாங்க?" டாக்டரிடம்கூட யாரும் இவ்வளவு நேராகக் கேட்பதில்லை. செடி விற்றுப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரியும். "புடிக்குங்க" என்று சொல்லிவிட்டு, வண்டி கிளம்பும் வரை அந்தப் பக்கம் திரும்பாமல் வேறு வேலை பார்ப்போம். மண் அவருடையது, தண்ணீர் அவருடையது, ஆடும் அவருடையது. பதில் மட்டும் நம்முடையது.

என் மனைவி பிலோமினாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் நிழல்வலைக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாக்கெட் மண்ணில் நாவல் கொட்டை ஊன்றிக்கொண்டிருந்தாள். பென்னாகரம் சாலையில், குத்தகை நிலத்தில் எங்கள் நாற்றுப் பண்ணை. நாவல் கொட்டையைக் காயவிட்டால் முளைப்புப் போய்விடும். அதனால் முந்தின நாள் வாங்கிய பழத்தை நாங்கள் இருவரும், வேலைக்கு வரும் மாதம்மாவும் தின்று தீர்த்து, கொட்டையைக் கழுவி வைத்திருந்தோம். அவள் நாக்கில் மறுநாளும் அந்த ஊதா நிறம் இருந்தது. நான் குட்டியானை வண்டியில் வேம்பும் புங்கனும் ஏற்றிக்கொண்டு கடத்தூருக்குக் கிளம்பினேன். "சாயங்காலம் வந்து தண்ணி ஊத்திடாதீங்க. நான் இப்பவே நனைச்சுட்டேன், அழுவிப் போவும்" என்றாள். திரும்பி வரும் வழியில் மாதம்மாவின் போன் வந்தது. மாரடைப்பு என்றார்கள். அன்று சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பண்ணைக்குப் போனேன். வரிசை முழுக்க முளைத்திருந்தது. அவள் கையால் ஊன்றிய கடைசி வரிசை. அதில் ஒன்றாவது எங்கேயாவது நிலைத்து நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதத்தால் பட்ட பாடுகள்தான் கீழே வருபவை.

ஏரிக்கரை

ஏரிக்கரையில் நடுவதற்கு நாவல் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்தார். எனக்கு இதைவிட நல்ல இடம் தோன்றவில்லை. நாவலுக்கு ஈரம் பிடிக்கும். ஏரிக்கரையில் வேர் ஊன்றிவிட்டால் நம் காலத்துக்கும் நிற்கும், அடுத்தவர் காலத்துக்கும் நிற்கும். முழங்கால் உயரம் வந்திருந்த வரிசையை அப்படியே ஏற்றிவிட்டேன். கடைசிப் பாக்கெட் வண்டியில் ஏறும்போது மாதம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

பங்குனியில் அந்த வழியாக வரும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கரையில் ஏறிப் பார்த்தேன். ஏரியில் தண்ணீர் நடுவில் கொஞ்சம் மினுங்கியது. கரை மேல் வரிசையாகக் காய்ந்த குச்சிகள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். ஒன்றுகூடப் பச்சை இல்லை. ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன். சிரமமே இல்லாமல் கையோடு வந்தது. வேர் பாக்கெட் அளவிலேயே, பாக்கெட் வடிவத்திலேயே இருந்தது. வெளி மண்ணுக்குள் ஒரு விரல்கடை கூடப் போகவில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நட்டபிறகு யாரும் தண்ணீர் ஊற்றவில்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"நட்டது போட்டோவுக்குங்க. தண்ணி ஊத்தறது போட்டோவுல தெரியாதில்லைங்களா?" என்றார்.

இரட்டை

அன்று பண்ணைக்குத் திரும்பியதும் மாதம்மா ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வரிசையின் கோடியில், கண்ணில் படாமல் நின்றுவிட்ட ஒன்று. அதே விதைப்பு. அதில் இரண்டு செடிகள் இருந்தன.

நாவலில் இது அடிக்கடி நடக்கும். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு தண்டு, சில சமயம் மூன்றுகூட வரும். இரண்டும் பெரும்பாலும் தாய்மரத்தின் நகலாகத்தான் இருக்கும் என்று ஒரு பழைய விவசாயப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு அப்படித்தான் படிப்பு. நாலு இலை வந்ததும் மெலிந்ததைக் கிள்ளிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். பிலோமினா அதை வேறு எங்கோ பார்த்துக்கொண்டே நகத்தால் செய்வாள். இந்தப் பாக்கெட்டைக் கிள்ள அவள் இல்லை. இப்போது இரண்டும் ஒரே உயரம். மாதம்மா கையை நீட்டினாள். "வேண்டாம்" என்றேன்.

பாக்கெட்டைக் கிழித்து, மண்கட்டியோடு ஓர் அன்னக்கூடைத் தண்ணீரில் இறக்கினோம். மண் கரையக் கரைய வேர் தெரிந்தது. ஒன்றின் ஆணிவேர் மற்றதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. இழுத்தால் அறும். தண்ணீருக்குள் விரலை விட்டு ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். எங்கோ ஒரு சல்லிவேர் அறுந்தது விரலுக்குத் தெரிந்தது. மாதம்மா 'ச்சு' கொட்டினாள். ஒருவழியாக இரண்டும் பிரிந்து தனித்தனி பாக்கெட்டுக்குப் போயின. மறுநாள் இரண்டிலும் இலை தொங்கிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டியது. நிழலில் வைத்து, தெளித்து, காலையில் வந்ததும் முதலில் அங்கே போவேன். ஒரு நாள் இரண்டின் நுனியிலும் சிவந்த கொழுந்து எட்டிப் பார்த்தது.

மாதம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்கண்ணா. பக்கத்துல பக்கத்துல வச்சா தண்ணிக்கு அடிச்சுக்கும். விக்கிறதுன்னா தூரம் தூரமா வித்துடுங்க."

ஆற்றுக்கு ஒன்று

ஏன் விற்றாய், நீயே நட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பண்ணை நிலம் குத்தகை, குடியிருந்தது வாடகை வீடு. எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாத மண்ணில் மரம் வைக்க முடியாது. பாக்கெட்டிலேயே வைத்திருக்கவும் முடியாது. வைத்திருக்க வைத்திருக்க வேர் அடியில் சுருண்டு, தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும்.

ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்கும் சாந்தி வந்தார். கடைக்குத் தகரக் கூரை, வெயிலில் அடுப்பைவிடத் தகரம் சுடுகிறது, நிழலுக்கு ஒரு மரம் வேண்டும் என்றார். நான் அவரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கடையிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம்? மணலா, வண்டலா? எண்ணெய்ச் சட்டி கழுவுகிற தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? கூட்ட நாளில் வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள்? அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். மரத்தில் ஆணி அடித்துப் பை மாட்டுவீர்களா என்று கேட்டபோது பொறுமை போய்விட்டது.

"ஏங்க, செடி விக்கறீங்களா, பொண்ணு குடுக்கறீங்களா?" என்றார்.

மேட்டுக்கு ஒன்று

இரண்டாவதைக் கேட்டு வந்தவர் கெம்பம்மா. பென்னாகரத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டிய மேட்டில் ஆடு வளர்க்கிறவர். வீட்டுக்குள் கன்னடம், வெளியே நம்மைப் போலத் தமிழ். அவர் மேடு எனக்குத் தெரியும். மண் ஒரு சாண், அதற்குக் கீழே பாறை. போர்வெல் போட்டவர்கள் புழுதியைத்தான் பார்த்தார்கள். நாவலுக்கு அது இடமே இல்லை.

"அம்மா, வேம்பு கொண்டு போங்க, இல்லேன்னா புளி. இது அங்க புடிக்காது" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் 'புடிக்காது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கேட்கவில்லை. அவருக்குச் சர்க்கரை. மாத்திரை சாப்பிட்டாலும் நாவல் கொட்டைப் பொடியும் வேண்டுமாம். கடையில் விற்கிற பொடியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நான் இன்னொரு தடவை வேம்பைக் காட்டினேன். அவர் அதற்குள் நாவல் பாக்கெட்டை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டார், கைப்பிள்ளையை வைப்பது போல. பிடுங்கி வாங்கவா முடியும்?

"வேம்பு எங்க மேட்டுல தானா வருது. தானா வர்றத எதுக்குங்க உங்ககிட்ட வாங்கணும்?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

இரண்டு இலை

நாலு மழைக்காலம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கெம்பம்மாவின் மகன் நாகராஜ் பைக்கை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு ஒகேனக்கல் போயிருக்கிறான். சாந்தி கடையில் சாப்பிட்டிருக்கிறான். நிழல் நன்றாக இருக்கிறதே என்று கேட்டதற்கு அவர் என் பண்ணையைச் சொல்லியிருக்கிறார். வந்தவன் மேசை மேல் இரண்டு இலைகளை அறைந்து வைத்தான்.

ஒன்று ஆற்றங்கரை இலை. என் உள்ளங்கையைத் தாண்டும் நீளம், கரும்பச்சை, மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு தெரியும். இன்னொன்று மேட்டு இலை. விரல் நீளம்தான். தடித்து, ஓரம் மடங்கி, வளைத்தால் சட்டென்று ஒடியும். "அவங்களுக்கு நல்ல சாதி, எங்கம்மாவுக்குக் கழிச்சுப் போட்டதா?" என்று சத்தம் போட்டான். கொய்யா வாங்க வந்திருந்த ஒருவர் எடுத்த செடியைத் திரும்ப வரிசையில் வைத்தார். மாதம்மா மண் அள்ளுகிற கொத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

இரண்டும் ஒரே கொட்டை என்றேன். தண்ணீர் காலடியில் இருந்தால் இலை அகலமாக விரியும், இல்லாத இடத்தில் சுருங்கித் தடிக்கும், கையில் இருப்பது ஆவியாகப் போகாமல் பொத்தி வைத்துக்கொள்ளும், வேரும் அப்படித்தான் இடத்துக்குத் தகுந்தபடி போகும் என்றேன். சொல்லச் சொல்ல அவன் முகம் இன்னும் இறுகியது. எனக்கோ உள்ளுக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அவன் திட்டத் திட்ட நான் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே கொட்டைன்னா, செடி மேல தப்பு இல்ல, எங்க மேடுதான் மட்டம்னு சொல்றீங்க. அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு வண்டியை உதைத்தான்.

நகத்தால் கீறியது

அதற்கு அடுத்த கோடை எல்லோரையும் வாட்டியது. பண்ணைக்கே லாரித் தண்ணீர். ஒரு நாள் கெம்பம்மா போன் செய்து, "அண்ணா, உங்க செடி போயிடுச்சுங்க. பையன் பிடுங்கிப் போடறேன்ங்கறான்" என்றார். பிடுங்க வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இறங்கி மேடு ஏறும்போது வழியெல்லாம் கல்தான் சுட்டது.

ஒரு குச்சி நின்றது. இலை ஒன்றுகூட இல்லை. நாகராஜ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு தயாராக இருந்தான். நான் உட்கார்ந்து, நுனிப் பக்கம் பட்டையை நகத்தால் கீறினேன். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். பழுப்பு. நடுவில் கீறினேன். பழுப்பு. நாகராஜ், "போதுங்களா?" என்றான். அடியில், மண் மட்டத்தில், கல்லை நகர்த்திவிட்டுக் கீறினேன். இரண்டு தடவை நகம் வழுக்கியது. மூன்றாவது கீறலில் நூல் மாதிரி ஒரு பச்சை இருந்தது.

அவன் நம்பவில்லை. குனிந்து இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து, காலை ஊன்றி, ஒரே இழுப்பாக இழுத்தான். குச்சி வரவில்லை. மறுபடி இழுத்தான். கை வழுக்கி உட்கார்ந்த வாக்கில் கல் மேல் விழுந்தான். பக்கத்தில் படுத்திருந்த ஆடு எழுந்து ஓடியது. கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் உள்ளங்கையைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான், பிறகு மண்வெட்டியை எடுத்து சுவரில் சாய்த்தான்.

"செத்தது இப்படிப் புடிச்சுக்கிட்டு நிக்காதும்மா" என்று தன் அம்மாவிடம் சொன்னான்.

தண்ணீர் ஏறிய நாள்

ஆற்றங்கரை மரத்தைப் பற்றி எனக்குப் பயமே இருந்ததில்லை. கடைக்குப் போய் ஒரு மீன் வாங்கிக்கொண்டு அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டு வருவேன். தகரக் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. சாந்தி அதில் ஆணி அடிக்கவில்லை, கயிறு கட்டித்தான் பை மாட்டியிருந்தார்.

கர்நாடகத்தில் மழை கொட்டி, அங்கே அணைகளைத் திறந்து, ஆற்றில் பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்ததும் கிளம்பினேன். பஸ்ஸை முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்து போனேன். கயிறு கட்டி போலீஸ் நின்றது. சாந்தி சட்டி, முக்காலி, மசாலா டப்பாக்களோடு சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கடையும் மரமும் தெரிந்தன. செந்நிறத் தண்ணீர் கரையின் அடியை அரித்துக்கொண்டிருந்தது. மண் துண்டு துண்டாக விழ விழ, மரத்தின் வேர் வெளியே வந்தது. பாய் விரித்தது போல எல்லாப் பக்கமும் பரவிய வேர். எல்லாம் மேலோடு. ஆழத்துக்குப் போகும் வேலையே அதற்கு அங்கே வந்திருக்காது, கேட்ட இடத்தில் தண்ணீர் இருந்தது. மரம் கொஞ்சம் சாய்ந்து, இலை தண்ணீரைத் தொட்டு, அப்படியே வெகு நேரம் நின்றது. நின்றுவிடும் என்றுகூட நினைத்தேன். பிறகு கரை மொத்தமாக விட்டுவிட்டது. விழுந்து புரளவில்லை. வேரில் ஒட்டிய மண்ணோடு, நிமிர்ந்து நின்றபடியே கொஞ்ச தூரம் போனது. அதன் பின்னால் தகரக் கூரை போனது.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாந்தி என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கடை போனது எனக்கு. மூஞ்சிய நீங்க தொங்கப் போட்டிருக்கீங்க" என்றார்.

முளைக்குச்சி

அப்புறம் மீதி இருந்தது மேட்டு நாவல் ஒன்றுதான். அந்தக் குச்சி அடியிலிருந்து துளிர்த்து, புதர் மாதிரி இடுப்பு உயரம் வந்திருந்தது. ஒரு நாள் கெம்பம்மா போன் செய்தார். அரசாங்க வீடு கிடைத்துவிட்டது, பழைய வூட்டை ஒட்டிப் புது வூடு கட்டுகிறோம், செடி இடைஞ்சலாக நிற்கிறது, வேண்டுமானால் பெயர்த்துக்கொண்டு போங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கடப்பாரை, சாக்கு, மாதம்மா, மூன்றையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மேஸ்திரி மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். பூசை முடிந்து குச்சிகளில் மஞ்சள் பூசியிருந்தது. அதிகாரி வந்து, குடும்பத்தைக் காலி இடத்தில் நிறுத்தி, செல்போனில் படமும் எடுத்துவிட்டார். இனி வீடு அந்த இடத்தைவிட்டு நகராது. நாவல் நின்றது பின்பக்கம், குளியலறைக் கோட்டுக்கு நட்டநடுவில். மறுநாள் ஜேசிபி வருகிறது.

பக்கவாட்டில் தோண்ட ஆரம்பித்தேன். ஒரு சாண் மண் முடிந்து பாறை வந்தது. பாறையில் ஒரு வெடிப்பு. வேர் அதற்குள் இறங்கியிருந்தது. மேலே தண்டு என் கட்டைவிரல் கனம், அடியில் வேரோ என் மணிக்கட்டுக் கனம். வெடிப்புக்குள் மாதம்மா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். நிற்காமல் உள்ளே போனது. இன்னொரு சொம்பு. அதுவும் போனது. அங்கே வெட்டினால் மேலே இருப்பது வெறும் விறகு. வெட்டாமல் எடுக்கப் பாறையைத்தான் உடைக்க வேண்டும். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, வராது என்றேன்.

"அப்ப நாளைக்கு ஜேசிபி எடுத்துடும்" என்றான் நாகராஜ். கோபம் இல்லை, நடப்பதைச் சொன்னான். நான் எழுந்திருக்கவில்லை. கெம்பம்மா எதிரில் வந்து குந்தினார். "ஒரு நாவச்செடி. அன்னிக்கும் ஓடி வந்தீங்க, இன்னிக்கும் ஓடி வந்தீங்க. என்னாத்துக்குங்க?" என்று கேட்டார். இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததை, சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "எங்க வூட்டுக்காரம்மா கடைசியா ஊன்றின விதைங்க. மத்ததெல்லாம் போயிடுச்சு." மாதம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கெம்பம்மா மகனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவன், "முளை அடிச்சாச்சும்மா, மாத்தக் கூடாது. போட்டோ வேற ஏறிடுச்சு" என்று தமிழிலேயே பதில் சொன்னான், எனக்கும் கேட்கட்டும் என்று. மேஸ்திரி கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கெம்பம்மா எழுந்தார். குளியலறைக் கோட்டின் மேல் நடந்து, காலால் சுண்ணாம்பைத் தேய்த்தார்.

"முளை அடிச்சது வூட்டுக்கு. போட்டோ எடுத்ததும் வூட்டுக்கு. குளிக்கற ரூமுக்கு எந்தச் சாமியும் வரல, எந்த ஆபீசரும் வரல. அந்தாண்ட தள்ளிப் போடு மேஸ்திரி."

குளிக்கிற தண்ணீர்

அந்த வருடமே பண்ணை நிலத்துக்காரர் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார். மாதம்மா பென்னாகரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பெருக்குகிற வேலைக்குப் போனாள். கெம்பம்மா வீட்டுப் பால்காய்ச்சுக்கு இருவரும் போனோம். தள்ளிப் போட்ட குளியலறையின் தண்ணீர், நாவலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வழியாக வெளியே வந்தது. யாரும் யோசித்து வைத்ததில்லை, சரிவு அந்தப் பக்கம். சோப்புத் தண்ணீர் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். விருந்துக்குப் போன இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் பல நாள் அதே யோசனை. ஆடு தின்னாமல், வெயில் கொல்லாமல், ஜேசிபி தூக்காமல் வந்தது, கடைசியில் சீயக்காயிலும் சோப்பிலுமா போக வேண்டும்?

மழை முடிந்து போனேன். வாசலில் நிற்காமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தேன். செடி என் தோளுக்கு வந்திருந்தது. கீழ்க் கிளைகளில் அதே பழைய இலை, விரல் நீளம், தடித்து, ஓரம் மடங்கியது. மேலே புதிதாக வந்த கிளையில் ஓர் இலையைக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையைத் தாண்டியது. வெளிச்சத்தில் நரம்பு தெரிந்தது. ஆற்றோடு போன மரத்தின் இலை அது. ஒரே செடியில் மேலும் கீழுமாக இரண்டும் இருந்தன. நாகராஜ் தலை துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தான். நான் கையில் பிடித்திருந்த இலையைப் பார்த்தான். கீழ்க் கிளையைப் பார்த்தான். பக்கத்தில் வந்து நின்றான்.

"உண்மையச் சொல்லுங்கண்ணா, நான் ஓசூர்ல இருக்கறப்ப வந்து மாத்தி வச்சுட்டுப் போனீங்களா?" என்றான்.

காலமெல்லாம் மற்றவர்களுக்குப் "புடிக்குங்க" என்று சொல்லி விற்றவனுக்கு, பிலோமினா ஊன்றிய வரிசையில் மிஞ்சியது அடுத்தவர் குளியலறைக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு, இன்னும் ஒரு பழம்கூடக் காய்க்காமல், இரண்டு விதமாக இலை விட்டு நிற்கும் ஒரு நாவல்.